நான் வேண்டாம் என்று சொன்ன டயர்கள்

கிளெய்ம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். நேரில் வந்து பேசினால் பாதியில் செல்போனை எடுத்துப் பார்ப்பீர்கள், எனக்கு முகம் சுருங்கும். அதனால் எழுதித் தருகிறேன். படிக்கும்போது செல்போனைப் பார்த்தால் எனக்குத் தெரியப் போவதில்லை.

நம் வேலை என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி. வெடித்த, வீங்கிய, கிழிந்த டயரைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வருவார். குறை தயாரிப்பிலா, அவர் ஓட்டிய விதத்திலா என்று நாம் சொல்ல வேண்டும். தயாரிப்பில் என்றால் கம்பெனி வேறு டயர் தரும். ஓட்டியதில் என்றால் அவர் நம்மைத் திட்டிவிட்டுப் போவார். என் காலத்தில் அதிகம் திட்டு வாங்கியவன் நான்தான். அதை ஒரு விருது போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம். முதல் வாரம் டீ குடிக்கும்போது சொன்னார்: "சரின்னு எழுதினா நாலு டிபார்ட்மெண்ட்லேர்ந்து ஏன்னு கேப்பான். இல்லேன்னு எழுதினா கஸ்டமர் மட்டும்தான் கேப்பான்." அவர் அதை அலுப்பில் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஓய்வு பெறும் நாள்வரை கடைப்பிடித்தேன்.

நான் சொல்லப்போவது ஓய்வு பெற்றபின் நடந்த கதை. கம்பெனிக்குள் நான் செய்த எதைவிடவும் இதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். அதில் நான் கொஞ்சம் முட்டாளாகத் தெரிவேன். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைப் போட்டது என் மரியாதைக்காக.

என் தங்கை சகுந்தலா பட்டாபிராமில் இருக்கிறாள். அவள் கணவர் தனசேகர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சும்மா இருக்கும் நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், திருமுல்லைவாயலில் ஒரு வீட்டு ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். பெயின்ட் அடித்தார். சீட்டுக்கு உறை தைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்து, மாலையில் மறுபடி துடைத்தார். சகுந்தலா அந்தக் காரை "என் சக்களத்தி" என்றுதான் சொல்வாள்.

பிறகு அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. டாக்டர் போட்ட முதல் கட்டளை, தாழ்வான எந்த இருக்கையிலும் உட்காரக் கூடாது, முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது, குனிந்து நுழையக் கூடாது. மகன் வைத்திருக்கும் புதுக் காரில் அவளை ஏற்றப் பார்த்தார்கள். கார் அல்ல, பள்ளம் அது. ஆட்டோவைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் அகலக் கதவும், நாற்காலி உயரத்துக்குப் பின் சீட்டும் கொண்ட அம்பாசிடரில்தான் அவளால் வலியில்லாமல் ஏறி இறங்க முடிந்தது. சக்களத்தி உதவிக்கு வந்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை பட்டாபிராமிலிருந்து ஆவடி வழியாக, பூந்தமல்லி ரோட்டைப் பிடித்து, குமணன்சாவடிக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்காக அந்தக் காரில் போய்வந்தார்கள். ஆகவே அந்தக் கார் யாருடைய பொழுதுபோக்கும் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நாலு டயர்மேல்தான் என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனவன், பழக்க தோஷத்தில் காரைச் சுற்றி வந்தேன். முன்னால் இருந்த இரண்டும், எங்கோ கிடைத்த ஒரே ஜோடி என்று தனசேகர் வாங்கிப் போட்ட நைலான் டயர்கள். பரவாயில்லை, இன்னும் ஓடும். பின்னால் இருந்த இரண்டையும் பார்த்ததும் குந்திவிட்டேன். ரோட்டில் படும் பட்டன் பளிச்சென்று புதிதாக இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல்கள், பட்டனுக்கு இடையிலும் விரிசல்கள். தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நாலு எண்ணைத் தேடிப் பார்த்தேன். அந்த டயர் பிறந்தபோது நான் முடி கருப்பாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, பின்னாடி ரெண்டும் செத்த டயர்" என்றேன்.

"இன்னா மச்சான் சொல்றீங்க. பட்டன் அப்டியே கீது. நகம் உள்ள போவுது பாருங்க."

"ஷெட்ல நின்னதால தேயல. தேயாம கெட்டுப் போச்சு. ரப்பர் வயசாயிட்டா வெறும் தோல்தான்."

"வயசானா தோலுன்னா நம்ம ரெண்டு பேரும் இன்னா?" என்றார் தனசேகர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "சரி. நீங்களே பாத்து ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொல்றதை மாட்றேன். வேற யாரையும் கேக்கல."

இங்கேதான் கவனியுங்கள். முப்பது சொச்ச வருடம் டயர் பார்த்தவன். ஆனால் அந்த நிமிடம்வரை ஒரு டயரைக்கூட 'இதைப் போடு' என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. செத்தது ஏன் செத்தது என்று மட்டுமே சொல்லி இருக்கிறேன். பிணத்தை அறுப்பவனிடம் ஒரு காய்ச்சல்காரரை அனுப்பிவிட்டார்கள், அவனும் தயங்காமல் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டான்.

தேடல் தொடங்கியது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கடையில் அசல் அளவிலேயே நைலான் டயர் இருந்தது, பிளாஸ்டிக் காகிதம் சுற்றியபடி. கடைக்காரர் காகிதத்தைப் பிரித்தபோது மினுமினுத்தது. எண்ணைப் பார்த்தேன். பின்னால் மாட்டியிருந்ததற்குத் தம்பி. காகிதம் சுற்றி வைத்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். வேண்டாம் என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

ஆவடி மார்க்கெட் அருகே இன்னொரு கடை. கிட்டத்தட்ட அதே அளவு, போன மாதம் செய்த டயர், அடுக்குப் பலகை போலத் தடித்த பட்டன். தனசேகர் தடவிக்கொடுத்தார். நான் பக்கச் சுவரைப் படித்தேன். மாட்டு வண்டிக்கும் இழுவை டிரெய்லருக்கும் செய்தது. பாரம் தாங்கும், வேகம் தாங்காது. கார் ஓடும் வேகத்தில் உள்ளே சூடேறிப் பிரிந்துவிடும்.

"நம்ம வண்டியும் மாட்டு வண்டி ஸ்பீடுதான மச்சான் போவுது."

"மாடு வாங்கினா சொல்லுங்க, மாட்டிடலாம்" என்றேன். வேண்டாம். இதுவும் சரி.

பட்டாபிராமிலேயே ஒருவர், பழைய டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டித் தருகிறேன் என்றார். லாரிக்கு வேண்டுமானால் அது ஒரு தொழில். என் தங்கை உட்காரும் காருக்கு, உள்ளே இருக்கும் வயதான உடம்பின்மேல் புதுச் சட்டை. வேண்டாம். மூன்றாவதும் சரி.

நாலாவது கடை குமணன்சாவடியில். நடத்துபவர் வசந்தி என்ற பெண்மணி. கணவர் வெளியே வீல் அலைன்மென்ட் மெஷினைப் பார்ப்பார், டயர் விற்பதும் பேசுவதும் இந்த அம்மாதான். அவரிடம் இந்தக் காலத்துக் கார்களுக்கு வரும் ரேடியல் வகையில் இரண்டு டயர்கள் இருந்தன. ஏதோ சிறு வேனுக்கு வரவழைத்து, வேன்காரர் வாங்காமல் போனவை. பதினைந்து அங்குல ரிம்முக்குப் பொருந்தும். அகலம் சரி. தாங்கும் எடை அசலைவிட அதிகம். வேகம் தாராளம். தேதி புதிது. ரேடியலுக்கான ட்யூபும் வைத்திருந்தார்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அளவு நாடாவை எடுத்தேன். உயரம் அசலைவிடக் கொஞ்சம் குறைவு, ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்றேன். பட்டன் வடிவம் அந்தக் காலத்துக் காருக்குப் பொருந்தாது என்றேன். கடைசியாக, இரண்டுதான் இருக்கிறது, முன்னால் நைலான் இருக்கப் பின்னால் ரேடியலா, நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஒரே சமயத்தில் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

"ரெண்டும் பின்னாடி போட்டுக்கலாம்ல சார்?" என்று வசந்தி கேட்டார்.

போடலாம். ரேடியல் பின்னால், நைலான் முன்னால் என்றால் வண்டி ஒழுங்காகத்தான் போகும். மாற்றிப் போட்டால்தான் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இந்த விதியைப் பயிற்சி வகுப்பில் படம் போட்டு நடத்தியவன் நான். அது அப்போது நினைவிலும் இருந்தது. ஆனாலும் 'நாலும் ஒன்றாக இருப்பதே உத்தமம்' என்றேன். உத்தமம் என்ற வார்த்தையை அதற்கு முன் நான் டயருக்குப் பயன்படுத்தியதில்லை.

முதல் மூன்று 'வேண்டாம்' என் தொழில். நாலாவது என் ருசி. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் ஒரு வயது நம் வேலையில் வரும். எனக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டில் பழைய கார்களுக்கென்றே அசல் அளவில் டயர் செய்பவர்கள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அழகான ஆங்கிலத்தில் அவர்களுக்கு எழுதினேன். அவர்களும் அழகான ஆங்கிலத்தில், கப்பலில் ஏற்ற ஆகும் காலத்தைச் சொன்னார்கள். காத்திருக்கலாம் என்று தனசேகரிடம் சொன்னேன். அதுவரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி நாட்களில் காலையில் நான் குடியிருக்கும் அம்பத்தூரிலிருந்து ரயிலேறிப் போய், பின் டயர்களில் காற்று சரிபார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, விரிசல்களை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். நான் பார்த்துக்கொண்டே இருந்தால் டயருக்கு வெட்கம் வந்து கெடாமல் இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

இதில் யாருக்கும் தோன்றாத ஒரு விஷயம் இருந்தது. அதாவது எனக்குத் தோன்றாத விஷயம். நான் ஒவ்வொரு டயராக வேண்டாம் என்று சொன்ன நாட்களிலெல்லாம் கார் டயரில்லாமல் நிற்கவில்லை. நான் செத்தது என்று அறிவித்த டயரில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாள் வந்தது. அன்று வெறும் பயிற்சி இல்லை. அறுவை செய்த டாக்டரே பார்க்கும் நாள். அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு எப்போதாவதுதான் வருவார், மதியத்தோடு கிளம்பிவிடுவார். வாக்கரை விடலாமா, மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, இல்லை மறுபடி அறுக்க வேண்டுமா என்று அன்றுதான் சொல்வார். சில நாட்களாக ஒரு பக்கம் சுருக்கென்று குத்துவதாகச் சகுந்தலா சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தனசேகர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வெயில் நன்றாக ஏறிய நேரம். பருத்திப்பட்டைத் தாண்டிப் பூந்தமல்லியை நெருங்கும்போது பின்சீட்டிலிருந்து சகுந்தலா சொன்னாள்: "அண்ணா, கீழேர்ந்து யாரோ தட்டுற மாதிரி இருக்குது."

"ரோடு" என்றேன்.

அந்த ஒற்றைச் சொல்லில் என் முழுப் பணிக்காலமும் இருந்தது. வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் முதல் பதில் ரோடு.

தனசேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மச்சான், இது போன மாசம் போட்ட ரோடு."

அப்போது எனக்கும் கேட்டது. சீராக, இதயத் துடிப்பு போல, வண்டி வேகம் கூடும்போது கூடிக்கொண்டு. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். உள்ளே ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கை விட்டுப் பிரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்து வெடிப்புதான்.

"மாப்ள, பிரேக்கைத் தொடாதீங்க. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க. ஸ்டியரிங்கைக் கெட்டியா நேரா பிடிங்க. அதுவா வேகம் குறையட்டும், இடது பக்கம் ஒதுங்குங்க."

பின்னால் வந்த லாரி ஹாரனைப் பிடித்து அழுத்தியது. அப்படியே கடந்து போனது. தனசேகர் சொன்னபடி செய்தார். வண்டி ஓரத்தில், ஒரு பர்னிச்சர் கடை வாசலில் போய் நின்றது. இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயர் வெடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும், வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்ட குழந்தையின் கன்னம்போல உப்பியிருந்தது.

"இன்னாது மச்சான்?"

"பட்டன் அடுக்கு பிரிஞ்சிடுச்சு. வயசான ரப்பர், வெயில், மூணு பேர் எடை. பக்கவாட்டு விரிசல் வழியா..."

"அண்ணா" என்றாள் சகுந்தலா உள்ளேயிருந்து. குரல் நிதானமாக இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் நிதானமாகிவிடும். "ஏன் கெட்டுச்சுன்னு ஊட்டுக்குப் போய்க் கேட்டுக்கறேன். இப்ப எப்படிப் போறதுன்னு சொல்லு."

ஸ்டெப்னி இருந்தது. அது பின் டயர்களுக்கு அண்ணன். அதை மாட்டி அவளை அதன்மேல் உட்கார வைக்க மாட்டேன். வேறு வண்டிக்கு அவளை மாற்ற முடியாது. வெயிலில் அவளால் நிற்கவும் முடியாது. டாக்டர் மதியத்தோடு போய்விடுவார். எனக்குத் தெரிந்த எல்லா விதிகளும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் கை தூக்கி நின்றன, எல்லாமே 'கூடாது' என்றுதான் சொல்லின. எந்த விதியும் 'இதைச் செய்' என்று சொல்லவில்லை.

தனசேகர் ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சகுந்தலாதான் மறுபடி பேசினாள். "நீ இன்னா முடிவு பண்ணாலும் சரி அண்ணா. ஆனா முடிவு பண்ணு."

வசந்திக்குப் போன் போட்டேன். "அம்மா, அந்த ரெண்டு ரேடியல் இருக்கா?"

"யாரு சார்?"

"அம்பாசிடர். அன்னைக்கு அளந்து பாத்தேனே."

"ஓ, நாடா சார். இருக்குது சார். உங்களுக்கு அப்புறம் வந்தவங்களும் பாத்துட்டுப் போய்ட்டாங்க."

போகிற வருகிற வண்டிகளில் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தினேன். ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். திட்டம் இதுதான். ஸ்டெப்னியின் ரிம்மில் ஒரு ரேடியலை மாட்டிக் கொண்டுவருவது. கெட்ட டயருக்குப் பதில் அதைப் போடுவது. அந்த நிலையில் மெதுவாக ஊர்ந்து கடைக்குப் போய், மறுபக்கத்துக்கு இன்னொரு ரேடியலைப் போடுவது.

இதில் ஒரு சங்கடம். கடைவரை அந்தக் கொஞ்ச தூரத்துக்கு, ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் நைலான் இருக்கும். அது கூடவே கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். லோடு ஆட்டோவில் டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகும்போது முதல் முறையாக எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டேன்: அந்த விதி எதற்காக? வேகமாகத் திரும்பும்போது இரண்டு டயரும் இரண்டு விதமாக நெளியும், வண்டி இழுக்கும், அதற்காக. நடக்கும் வேகத்தில் நேர் ரோட்டில் போனால் நெளிய என்ன இருக்கிறது? வயதான டயரைப் போடாதே என்ற விதி எதற்காக? அது நின்றிருக்கும்போதுகூட எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதற்காக. மறுபக்கத்தில் இருக்கும் கிழட்டு டயரோடு அந்தக் கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டும், வேறு வழியில்லை, ஆனால் அது இன்னும் உப்பவில்லை, பாரத்தை வலது பக்கத்திலிருந்து குறைக்கலாம். விதிகளுக்குள் எது உயிரைக் காப்பது, எது வசதிக்கானது, எது வெறும் ருசி என்று என் அறுபது சொச்ச வயதில், ஒரு லோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து தரம் பிரித்தேன்.

கடையில் வசந்தி என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிப்போட்டார். "வாங்க சார். இன்னிக்கி எதை வாணாம்னு சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சீக்கிரம் மாட்டுங்க."

"நாடா வாணாமா?"

"வாணாம்."

அவர் கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க, சார் இன்னிக்கி நாடா இல்லாம வந்துகீறாரு. என்னமோ ஆயிருக்குது. சீக்கிரம் பாருங்க." அதற்குமேல் அவர் கிண்டல் செய்யவில்லை. நடந்ததைச் சொன்னதும், கூட வருவதற்கு ஒரு ஆளை அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, அனுப்புங்கள் என்றேன்.

திரும்பி வந்தபோது பர்னிச்சர் கடைக்காரர் ஒரு குடையைக் கொடுத்திருந்தார். தனசேகர் அதைக் கார் ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த சகுந்தலாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். விஷயம் என்னைப் பற்றியது என்று புரிந்துகொண்டேன்.

வசந்தி அனுப்பிய ஆள் டயரை மாற்றினார். சகுந்தலாவை மெல்ல இடது ஓரமாக, புது டயருக்கு மேலே நகர்ந்து உட்காரச் சொன்னேன். கனமான பொருள் எல்லாவற்றையும் காரிலிருந்து எடுத்து லோடு ஆட்டோவில் போட்டேன். நானும் அதிலேயே ஏறி, கார் முன்னால் ஊர, அதன் வலது பின் டயரையே பார்த்துக்கொண்டு போனேன். நான் இல்லாவிட்டால் கார் அவ்வளவு பாரம் குறைவாக இருக்கும் என்பதை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சைக்கிளில் போன தபால்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார், போகும்போது காருக்குள் குனிந்து பார்த்தார், கல்யாணக் காரா துக்கக் காரா என்று.

கடையில் இரண்டாவதையும் மாட்டினோம். பின்னால் இரண்டு புது ரேடியல், முன்னால் இரண்டு நைலான். உத்தமம் இல்லை. ஆனால் பாதுகாப்பு. தனசேகர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இத்த அன்னிக்கே போட்டிருந்தா இந்நேரம் நான் சும்மாகூட இதப்பத்தி நெனச்சிருக்க மாட்டேன்" என்றார். அவர் குறை சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. நல்ல டயரின் வேலையே அதுதான், அதைப் பற்றி யாரும் நினைக்காமல் இருக்கச் செய்வது. அந்த நினைப்பை நான் வாரக்கணக்கில் என் தங்கையின் மடியில் வைத்திருந்தேன்.

கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் பேசுகிறேன். நம் மேசைக்கு முன்னால் வருபவர் கையில் ஒரு கெட்ட டயர் இருக்கும். அவர் கேட்பதற்கு நீங்கள் இல்லை என்று எழுதலாம். சில சமயம் அதுதான் நியாயம், அதில் உங்களை யாரும் அசைக்க வேண்டாம். ஆனால் எழுதிய பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப எதுல ஊட்டுக்குப் போறீங்க?" அவருடைய வண்டியில் மற்ற டயர்கள் எப்படி இருக்கின்றன, பின்னால் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பழைய காராக இருந்தால் இன்னும் கவனம். அசல் அளவு கிடைக்கவில்லை என்று அவர்கள் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள், அல்லது என்னைப் போல யாரையாவது நம்பிக் காத்திருப்பார்கள். இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து. தேதி, தாங்கும் எடை, வேகம், ரிம்முக்குப் பொருந்தும் அகலம், எந்த அச்சில் எது, இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து, இன்றைக்குள் ஏதாவது ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். கப்பலில் வரும் டயர் கப்பலுக்குத்தான் பாதுகாப்பு.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். கார் சாவி கையில் இருந்தது. சகுந்தலா வாக்கரை ஊன்றிக்கொண்டு வேகமாக, நான் பயந்து போகும் அளவுக்கு வேகமாக, அவரை நோக்கி நடந்தாள். "டாக்டர், டயர் பஞ்சர் ஆயிடுச்சு" என்றாள். அது பஞ்சர் இல்லை, அடுக்குப் பிரிவு. நான் திருத்தவில்லை. தனசேகர் என் கையை ஏற்கெனவே பிடித்திருந்தார்.

டாக்டர் அவள் நடந்து வந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைப் பையில் போட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார். நானும் தனசேகரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். சுவரில் முதுகெலும்புப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதையே இரண்டு பேரும் படித்தோம். "மறுபடி ஆபரேசன்னு சொன்னா அவ தாங்க மாட்டா மச்சான்" என்றார் தனசேகர், படத்தைப் பார்த்துக்கொண்டே. நான் படத்திலிருந்த எலும்புகளை மேலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

கதவு திறந்தது. சகுந்தலா முதலில் வந்தாள். வாக்கர் நர்ஸ் கையில் இருந்தது. குத்தல் தசையில்தானாம், மூட்டு அருமையாக உட்கார்ந்துவிட்டதாம். கைத்தடி போதும். டாக்டர் பின்னாலேயே வந்து சொன்னார்: "இனிமே நார்மலா இருங்கம்மா. ரொம்ப தாழ்வா மட்டும் வேணாம். மத்தபடி எந்த வண்டியிலயும் போலாம்."

"ஆட்டோல?" என்றாள் சகுந்தலா உடனே.

"தாராளமா. பாத்து ஏறுங்க."

நான் தனசேகரைப் பார்த்தேன். அவர் வெளியே நின்ற காரைப் பார்த்தார். அந்தக் காரில் மட்டுமே அவளால் உட்கார முடியும் என்பதற்காகத்தான் நான் இத்தனை கடை ஏறி இறங்கினேன். புது டயர் மாட்டிய கையை இன்னும் கழுவவில்லை, அதற்குள் அந்தத் தேவை முடிந்துவிட்டது. கப்பல் டயர் வந்து சேரும்போது அவள் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டிருப்பாள்.

வாசலுக்கு வந்ததும் சகுந்தலா கைத்தடியை உயர்த்தி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"இன்னாடி பண்றே? கார் கீது பாரு" என்றார் தனசேகர்.

"மாசக்கணக்கா அந்தக் கார்ல உக்காந்து, உங்க ரெண்டு பேர் டயர் பேச்சைக் கேட்டாச்சு. இன்னிக்கி நான் காத்தாட ஊட்டுக்குப் போறேன்." ஆட்டோ டிரைவரிடம் திரும்பினாள். "பட்டாபிராம், நைனா. பள்ளத்துல மட்டும் பாத்துப் போ." ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, வலியில்லாமல் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தாள். அறுவைக்கு முன்பிருந்த அவள் முகம் அது. ஆட்டோ கிளம்பியது.

நாங்கள் காரில் ஏறிப் பின்தொடர்ந்தோம். கார் அருமையாக ஓடியது. பூந்தமல்லியைத் தாண்டியதும் தனசேகர் ஸ்டியரிங்மேல் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார்.

"மச்சான், அந்த ஆட்டோ பின் டயரு ரெண்டையும் பாத்தீங்களா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டும் மொட்டை. ஒன்றில் உள் நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஹாரனை அடிங்க மாப்ள" என்றேன். "விடாம அடிங்க."

அவர் அடித்தார். ஆட்டோவின் பக்கவாட்டில் சகுந்தலாவின் தலை வெளியே வந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்து, கைத்தடியை எடுத்து உற்சாகமாக ஆட்டினாள்.